கொல்லாமைக் கழகத் தலைவரின் இரட்டைக்குழல்

மேஜைமேல் துப்பாக்கி கிடந்தது. அது துப்பாக்கிதான் என்று நம்புவதற்குப் பக்கத்தில் நின்றவரின் மீசை தேவைப்பட்டது. இரண்டு குழல்களும் தண்ணீர் வற்றிய போர்வெல்லிலிருந்து உருவிப் போட்ட பைப் மாதிரி செம்பழுப்பாகி, தொட்ட இடமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தன.

மீசைக்குச் சொந்தக்காரர் பூவனநாதன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் முதலாளிகள் நிறையப் பேர். அவர்களில் கொல்லாமைக் கழகத்துக்குத் தலைவராகவும் இருந்துகொண்டு, இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸும் வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்த லைசென்ஸ் அது. பயிர் என்று அவருக்கு இருந்தவை ஆபீஸ் வாசலில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள்.

"இது என் துப்பாக்கி இல்ல வே" என்றார் அவர், எதிரே குனிந்து நின்ற டிடெக்டிவ் கொம்பையாவிடம். "எங்க தாத்தா சிறுத்தை சுட்ட துப்பாக்கி கண்ணாடி கணக்கா மின்னும். ஆயுத பூஜைக்கு ஊரே வந்து பாத்துச்சு. போன வாரம் நான் காசிக்குப் போயிருந்தப்ப வாட்ச்மேன் லிங்கராஜ் அதை வித்துட்டு, எங்கயோ பழைய இரும்புக் கடையில கிடந்த இதைக் கொண்டாந்து வச்சிருக்கான். ஒரிஜினல் எங்கன்னு நீரு கண்டுபிடிக்கணும்."

"கொல்லாமைக் கழகத்துக்குள்ள சிறுத்தை எப்படி மொதலாளி வந்துச்சு?" என்று கேட்டாள் சுடலைச்செல்வி. கொம்பையாவின் உதவியாளர் அவள். டிடெக்டிவ் ஏஜென்சியின் ஸ்கூட்டரை ஓட்டுவது, போன் எடுப்பது, வாயடிப்பது மூன்றும் அவள் பொறுப்பு.

"அது தாத்தா காலம்மா. நான் தலைவரான அன்னைக்கே சுத்த சைவத்துக்கு வந்துட்டேன். என் கையில வந்த பொறவு இந்தத் துப்பாக்கி ஒரு ஈயைக்கூடச் சுட்டதில்ல."

"அப்ப கழகத்துல உருப்படியான உறுப்பினர் அது ஒண்ணுதான்னு சொல்லுங்க."

கொம்பையா இருமினார். செல்வியின் பேச்சு எல்லை தாண்டும்போது இருமுவதற்கென்றே அவர் தொண்டையைப் பழக்கி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். தேர்தல் அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். பூவனநாதன் மட்டும் அன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் அருண்பாண்டியனை ஆபீஸுக்கே வரவழைத்து, கழகத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, போட்டோகிராபரும் ஏற்பாடு செய்து, 'ஆயுதம் துறக்கும் விழா' என்று பேனரும் கட்டினார். போட்டோகிராபர் ரெடி சொன்னதும் வெல்வெட் உறையை உருவினார். உறை லேசில் வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்த பிறகு வந்தது. கூடவே ஒரு படி துரு கொட்டியது. துப்பாக்கியின் நம்பர் இருந்த இடத்தையும் துரு தின்றிருந்தது. முழு நாள் மௌன விரதத்துக்குப் பெயர்போன கழகத்தார் அன்றுதான் முதல்முறையாக உண்மையாகவே மௌனமாக இருந்தார்கள்.

பூவனநாதனின் விரல் உடனே வாசலைப் பார்த்து நீண்டது. வாசலில் நின்றவர் லிங்கராஜ். சப்-இன்ஸ்பெக்டர் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் நான்கு மணிக்குத் திரும்பி வருவதாகவும், அதற்குள் வேறு விவரம் கிடைக்காவிட்டால் கேஸைப் பதிவு செய்து லிங்கராஜைக் கூட்டிப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கேட்டோரம் வாட்ச்மேன் அறை. லிங்கராஜ் நாற்காலியில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"துப்பாக்கி இருக்குத பீரோவுக்கு ரெண்டு சாவி அண்ணாச்சி" என்றார். "ஒண்ணு மொதலாளி இடுப்புல. இன்னொண்ணு இந்தா, இந்த ஆணியில. தீப்பெட்டி ஆபீஸ் பாருங்க, எங்கன தீப்பிடிச்சாலும் உடனே தொறக்கணும்னு எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி இங்க தொங்கும். நான் லாரிக்குக் கேட்டைத் தொறக்கப் போனா, யாரு எடுத்தா, யாரு வச்சான்னு எனக்கென்ன தெரியும்?"

"நீங்க எடுத்தீங்களா?"

"அந்த அறைக்குள்ள என்னை விட மாட்டாவ. வாசல்லயே நிறுத்திப் பேசுவாவ." அவர் குரல் இறங்கியது. "என் மவ காளீஸ்வரி போலீஸ் செலக்‌ஷன்ல பாஸாகிட்டா அண்ணாச்சி. நாளைக்கு வீட்டுக்கு விசாரணைக்கு வாராங்க. அப்பன் மேல துப்பாக்கிக் கேஸுன்னா அந்தப் பிள்ளைக்கு யூனிஃபார்ம் குடுப்பாங்களா? ஓடி ஓடி அவ காலு புண்ணாப் போச்சு."

செல்வி வாயடிக்காமல் நாற்காலியை நகர்த்தி அவரை உட்கார வைத்தாள். அவளுக்கு அது அபூர்வம்.

ஆபீஸ் அறைக்குத் திரும்பினார்கள். சுவரோரம் இரும்பு பீரோ. சுவரில் சட்டம் போட்ட பெரிய படம்: துப்பாக்கி லைசென்ஸ்தாரர் கூட்டமொன்றில் பூவனநாதன் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்திருக்கிறார். கீழே எழுத்து: 'ஆயுதமும் ஈரமும் – சிறப்புரை.'

"துருங்கிறது என்ன?" என்று ஆரம்பித்தார் பூவனநாதன். மைக் இல்லாத குறை மட்டும்தான். "ஈரம். ஈரத்தை ஜெயிச்சவன் துருவை ஜெயிச்சவன். அதுக்குன்னு நான் தனி முறையே கண்டுபிடிச்சிருக்கேன். பாரும்."

பீரோவைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் உள்காற்று காய்ந்தே இருக்குமாம்; ராப்பகலாக அணைப்பதே இல்லையாம். கதவின் உள்பக்கம் முழுக்க, புதுச் செருப்பு டப்பாக்களில் வருமே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அந்தப் பொட்டணங்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார். தட்டில் சூடம். ஒன்றிரண்டு கட்டியில்லை, கும்பாபிஷேகத்துக்குப் போதுமான சூடம்.

"சூடம் எதுக்கு?" என்றார் கொம்பையா.

"ஈரத்தை விரட்டும்."

"வேற எதையாவதும் விரட்டுமா?"

"வேற என்ன இருக்கு விரட்ட?" என்று பூவனநாதன் சட்டென்று கதவைச் சாத்தப் போனார். கொம்பையாவின் கால் இடையில் இருந்தது. கால் மட்டுமல்ல, காலுக்குக் கீழே ஒரு பூனையும் இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காதில் கிழிசல். பீரோவுக்கு எதிரே முன்கால்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, நடை திறக்கக் காத்திருக்கும் பக்தனைப்போல உட்கார்ந்திருந்தது.

"இது எப்பவும் இங்கனதானா?"

"என்னமோ இந்தப் பீரோமேல அதுக்கு ஒரு பிடிப்பு. ஆயுத பக்தி."

"காசிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் செல்வி.

கொம்பையா பீரோவுக்குள் தலையை விட்டார். மேலே குறுக்குக் கம்பியில் ஒரு கொக்கி. கொக்கிக்கு நேர் கீழே துப்பாக்கி சாய்த்து வைக்கும் மரத்தாங்கி. கொக்கியிலிருந்து தாங்கிவரை பீரோவின் முதுகில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, காலையில சாப்பிடலையா? தடயத்தைத் திங்கீங்க?"

"ருசி பாத்தேன்ட்டி."

"எப்படி இருக்கு?"

"சோறு இருந்தா தேவல."

அப்புறம் உறையை எடுத்துப் பார்த்தார். நீல வெல்வெட், நடுவில் கழகத்தின் புறாச் சின்னத்தை ஜரிகையில் தைத்திருந்தார்கள். உட்பக்கம் மொட்டையாக இருந்தது. வெல்வெட்டின் மயிர் அங்கங்கே பிய்ந்திருந்தது. துப்பாக்கியிடம் போய்க் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில், பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவரின் அமைதி.

"பக்கத்து அறை எதுக்கு?"

"சுக்குக் காப்பி போடுற ரூம். கழகத்துல டீ, காப்பி விலக்கு."

செல்வி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "கரண்டு அடுப்பு இருக்கு. சுக்கு டப்பா இருக்கு. ஒரு தோசைக்கல்லும் இருக்கு மொதலாளி. சுக்குக் காப்பியை ரெண்டு பக்கமும் திருப்பிப் போடுவீங்களோ?"

பூவனநாதனுக்கு அவசரமாக யாருக்கோ போன் செய்ய வேண்டியிருந்தது.

நான்கு மணிக்கு ஜீப் வந்தது. அருண்பாண்டியன் இளவட்டம். தேர்தல் வேலையில் அவருக்குக் கண் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் லிங்கராஜ் வந்தார். வழக்கப்படி வாசல்படியிலேயே நின்றுகொண்டார். பங்களாவிலிருந்து முதலாளியின் மனைவி கல்யாணசுந்தரி மோர் கொண்டுவந்தார். கழகத்தின் மகளிரணித் தலைவி அவர். கழுத்தில் ருத்திராட்சம். வாசல்படியில் நின்ற லிங்கராஜுக்குத்தான் முதல் தம்ளரை நீட்டினார்.

"சுருக்கமாச் சொல்லுங்க சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "இன்னும் பல ஊருக்குப் போகணும்."

"ரொம்பச் சுருக்கம்" என்றார் கொம்பையா. "துப்பாக்கி மாறலை. இதான் அது."

"என்ன வே உளறுதீரு!" பூவனநாதனின் மீசை எழுந்து நின்றது.

"நீங்க சொன்னபடி போன வாரம் இதைக் கொண்டாந்து வச்சாங்கன்னே இருக்கட்டும். ஆனா இந்தத் துருவைக் கொஞ்சம் நகத்தால கீறிப் பாருங்க சார். உள்ள நீல நூலு தெரியுதா? துரு மேல ஒட்டுன நூலில்ல. துருவுக்குள்ள புதைஞ்ச நூலு. துரு வளர வளர வெல்வெட்டைக் கவ்விக்கிட்டே வளந்திருக்கு. அதான் காலையில ரெண்டு பேரு இழுக்க வேண்டியிருந்துச்சு. ஒரு வாரத்துல இது நடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை பூரா இந்தப் புறா உறைக்குள்ளயே ஊறிக்கிடந்த துப்பாக்கி இது. ஆயுத பூஜைக்கு உறையைப் போட்டவரு அதுக்குப் பொறவு கழத்திப் பாக்கவே இல்ல."

அருண்பாண்டியன் கீறினார், பார்த்தார், தலையசைத்தார். "ஸ்டேஷன்ல நாங்க உறையே போட மாட்டோம். எண்ணெயைத் தடவித் துடைச்சு வெறுமனே நிறுத்தி வைப்போம். துணி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும்."

வாசலில் லிங்கராஜ் மூச்சு விட்டது உள்ளே கேட்டது. ஆனால் பூவனநாதன் விடுவதாயில்லை. சிறப்புரை ஆற்றியவர் துருவைத் தன் பேரில் எப்படி ஏற்றுக்கொள்வார்?

"இருக்கட்டும்! அப்பவும் குற்றவாளி இவன்தான். என் முறையில துரு வரவே வராது. இவன் அந்தச் சாவியைப் போட்டுத் தொறந்து தொறந்து ஈரக்காத்தை உள்ள விட்டுருக்கான். லைசென்ஸ் ஆயுதத்தைச் சேதப்படுத்துனான்னு கேஸ் எழுதுங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். லிங்கராஜின் கை கதவு நிலையைப் பிடித்தது.

"தொறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கொம்பையா.

"தெரியும்."

"அதான் எப்படி?"

"உள்ள இருக்கறது குறையுது வே!"

"என்ன குறையுது?"

பூவனநாதன் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "சூடம்."

"சூடம் யாரும் தொடாமலே குறையும் மொதலாளி" என்றாள் செல்வி. "அதுக்கு அது ஒண்ணுதான் வேலை."

"அந்தச் சிலிக்கா ஜெல்..."

"டேப் போட்டு ஒட்டியிருக்கு. ஒண்ணுகூடப் பியலை."

"பல்பு வெளிச்சம் குறையுதுன்னு சொல்லீராதீங்க" என்ற கொம்பையா, செல்வியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பக்கத்து அறைக்குப் போய்ச் சுக்கு டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். பூனை அதுவரை காத்த ஆயுத பக்தியைத் துறந்து பைக்குப் பின்னால் ஓடிவந்தது.

செல்வி மேஜையில் கவிழ்த்தாள். நெத்திலி சரிந்து விழுந்தது. அதன்மேல் நெய்மீன் கருவாட்டுத் துண்டுகள்.

சிறிது நேரம் அந்த அறையில் சூடம் தோற்றுக்கொண்டிருந்தது.

"ஊருக்குள்ள இவருக்குப் பூட்டி வைக்க ஒரே இடம் இந்தப் பீரோ" என்றார் கொம்பையா. "ஈரம் ஏறாம, பூசணம் பிடிக்காம இருக்க பல்பும் எரியுது. துப்பாக்கிக்குக் கண்டுபிடிச்ச முறை கருவாட்டுக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. ஆனா பையைத் துப்பாக்கிக்கு நேர் மேல கொக்கியில மாட்டிட்டாரு. எத்தனை பல்பு எரிஞ்சாலும் மழைக்காலத்துல உப்பு வேர்க்கும். வேர்த்தது சொட்டும். சொட்டுனதை வெல்வெட் குடிச்சுக் குடிச்சுத் துப்பாக்கிக்கு ஊட்டிருச்சு. போலீஸ் வருதுன்னு நேத்துப் பையை இடம் மாத்திட்டாரு. வாசனையை மாத்த முடியலை."

"இது கழகத்தோட கண்காட்சிக்கு வாங்குனது!" என்றார் பூவனநாதன். "உயிர்க்கொலையோட கொடுமையை ஜனங்களுக்குக் காட்ட..."

"தோசைக்கல்லுல வச்சா காட்டுவீங்க?" என்றாள் செல்வி.

மீசை கடைசியாக ஒருமுறை வெடித்தது. "சரி வே! வச்சேன்! ஆனா எண்ணி வச்சேன். எண்ணிக்கை குறையுது. நான் திங்காம எப்படிக் குறையும்? என்கிட்ட ஒரு சாவி, அங்க ஒரு சாவி. அப்ப தின்னவன் இவன்தானே!"

லிங்கராஜ் முதல்முறையாக வாசல்படி தாண்டி உள்ளே வந்தார்.

"மொதலாளி, எனக்குக் கருவாடு வேணும்னா சந்தையில வாங்கி, வாசல்ல அடுப்பைப் பத்தவச்சு, தெரு பூரா மணக்கச் சுட்டுத் திம்பேன். நான் யாருக்குப் பயப்படணும்?"

ஆனாலும் சப்-இன்ஸ்பெக்டரின் பேனா திறந்தேதான் இருந்தது. "பீரோவை யாரோ தொறந்திருக்காங்கள்ல? யாருன்னு எழுத?"

மோர்த் தட்டு மேஜைமேல் சத்தத்தோடு அமர்ந்தது.

"நான்" என்றார் கல்யாணசுந்தரி.

பூவனநாதன் திரும்பினார்.

"காலையில இருந்து எனக்கு நெஞ்சு ஒரு நிலையில இல்ல. லிங்கராஜ் பிள்ளைக்குப் போலீஸ் வேலை போயிருமே. நீங்க மத்தியானம் தூங்கும்போது ஆணியில கிடந்த சாவியை எடுத்துத் தொறந்தது நான்தான். மொத தடவை ஒட்டடை அடிக்கத்தான் தொறந்தேன். பொறவு ஒட்டடை இல்லாதப்பவும் தொறந்தேன்."

"நீயா? மகளிரணித் தலைவி!"

"தலைவருக்கு எடுக்குத பசி தலைவிக்கு எடுக்காதா?"

"எங்க வச்சுத் தின்ன?"

"எட்டயபுரத்துல. தங்கச்சி வீட்டுல."

"அங்க பாராயணத்துக்குல்லா போறேன்னு சொல்லுவ!"

"பாராயணம் முடிஞ்ச பொறவுதான்."

பூவனநாதன் நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். கோபப்படத்தான் அவர் விரும்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் பல மாதங்களாக அவரை அரித்த கணக்கொன்று அப்போதுதான் நேரானது.

"நெய்மீனா, நெத்திலியா?" என்றார் தணிந்த குரலில்.

"நெய்மீன்."

"அதான் நெய்மீன் மட்டும் குறைஞ்சுது" என்றார்.

அருண்பாண்டியன் சிரிப்பைத் தொப்பிக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தார். "புகாரை இன்னும் ரிஜிஸ்டர் பண்ணலை. வாபஸ் வாங்குறதுன்னா இப்பவே எழுதிக் குடுத்துருங்க."

எழுதுவதென்றதும் பூவனநாதனுக்குத் தெம்பு வந்தது. எழுதியதைக் குரலை உயர்த்தி வாசித்தார்: "கருணையே கொள்கையாகக் கொண்ட நான், என் காவலாளி லிங்கராஜை மன்னித்து..."

"மன்னிப்பு வேண்டாம் மொதலாளி."

எல்லாரும் லிங்கராஜைப் பார்த்தார்கள்.

"மன்னிச்சேன்னு எழுதுனா நான் செஞ்சேன்னுல்லா ஆகுது. நாளைக்கு வாரவிய அதைத்தான் படிப்பாவ. நான் எடுக்கலை, தொறக்கலைன்னு எழுதுங்க. நீங்க தப்பாச் சொல்லிட்டீங்கன்னு எழுதுங்க. இல்லன்னா இந்தப் பையில என்ன இருந்துச்சுன்னு நானே எஸ்.ஐ. சாருக்கு எழுதித் தாரேன்."

பூவனநாதன் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பூவனநாதன் கொம்பையாவைப் பார்த்தார். அவர் பூனையைப் பார்த்தார். கல்யாணசுந்தரி காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் ஒன்றைக் கணவர்முன் நகர்த்தினார்.

நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்ற வாக்கியத்தை முடிக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. கல்வெட்டில் செதுக்குகிறவர்கள்கூட இன்னும் சீக்கிரம் முடித்துவிடுவார்கள்.

"துப்பாக்கி துருப்பிடிச்சதுக்குக் காரணம் ஒண்ணு நான் போடணும்" என்றார் அருண்பாண்டியன். "பராமரிப்புக் குறைவுன்னு போட்டுக்கவா?"

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் சார்! அந்தத் தலைப்புல நான் சிறப்புரை ஆத்தியிருக்கேன்."

"அப்ப கருவாடுன்னு போடவா?"

பூவனநாதன் சுவரிலிருந்த பொன்னாடைப் படத்தைப் பார்த்தார். உறைமேல் இருந்த புறாவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பெருமைகளில் ஒன்றை மட்டும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம்.

"பராமரிப்புக் குறைவுன்னே போட்டுருங்க" என்றார்.

துப்பாக்கி ஜீப்பில் ஏறியது. உறையில்லாமல் வெறும் மேனியாகப் போனது. எழுதிக் கொடுத்த தாளின் நகலோடு லிங்கராஜ் கேட்டுக்கு வந்தார்; செல்வியிடம் ஒருதரம் வாசித்துக் காட்டச் சொன்னார்; மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"ஏட்டி காளீஸ்வரி, அழாத. நாளைக்கு வாரவியகிட்ட நிமிந்து நின்னு பேசு. உங்கப்பன் எதுவும் எடுக்கலைன்னு மொதலாளியே கைப்பட எழுதிட்டாவ... துப்பாக்கியா? அது எங்கயும் போகலை, இங்கனதான் இருந்துச்சு... பின்ன என்னாச்சா? அதைக் கருவாடு தின்னுட்டு."

மறுமுனை ஏதோ கேட்டது. லிங்கராஜுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"இல்லட்டி, சத்தியமா. நிதானத்துலதான் பேசுதேன்."